நுண்ணறிவும் கற்றல் வளர்ச்சியும்

ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடத்தைக் கற்கும் மாணவர்களுள் சிலர் விரைவில் புரிந்துகொள்கின்றனர். சிலருக்குக் கூடுதல் காலம் தேவைப்படுகிறது. இவ்வேறுபாடு பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறதா, பயிற்சியால் மாறக்கூடியதா? இவ்வினாவிற்குத் தரப்பட்ட விடைகளே பல குழந்தைகளின் கல்வி வாய்ப்பைத் தீர்மானித்து வந்துள்ளன.

பினேயின் சோதனை

பிரான்சில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. பாடங்களைத் தொடர இயலாத குழந்தைகளின் கல்வி குறித்து ஆராய, 1904இல் அந்நாட்டு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற உளவியலாளர் ஆல்பிரட் பினே, மருத்துவர் தியோடர் சைமனுடன் இணைந்து 1905இல் ஒரு சோதனையை உருவாக்கினார். பொருள்களின் பெயரைக் கூறுதல், கேட்ட எண்களைத் திரும்பச் சொல்லுதல், இரு பொருள்களை ஒப்பிடுதல் என எளிமையிலிருந்து கடினத்திற்குச் செல்லும் 30 பணிகள் அதில் இருந்தன.

உதவி தேவைப்படும் குழந்தையை இனங்காண்பதே இச்சோதனையின் நோக்கமாகும். நுண்ணறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தைப் பினே 1909இல் வெளியிட்ட நூலில் வன்மையாக மறுத்தார். கவனம், நினைவாற்றல் ஆகியவற்றை வளர்க்கும் பயிற்சிகளையும் அவர் பரிந்துரைத்தார்.

எண்ணாக மாறிய அறிவு

மனவயதைக் கால வயதால் வகுக்கும் முறையை 1912இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் முன்மொழிந்தார். அந்த ஈவினை 100ஆல் பெருக்கும் முறையை 1916இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் பரவச் செய்தார். இதன்படி, பத்து வயதுக் குழந்தையின் மனவயது எட்டு எனில் அதன் நுண்ணறிவு ஈவு 80 ஆகும். நுண்ணறிவு பெரும்பாலும் மரபுவழிப்பட்டது என டெர்மன் நம்பினார். இதனால், குழந்தையின் அன்றைய நிலையைக் காட்டிய எண், அதன் எதிர்காலத்தையே முடிவுசெய்யும் எண்ணாகக் கருதப்படலாயிற்று.

ஒன்றா, பலவா?

எல்லா அறிவுச் செயல்களுக்கும் அடிப்படையாக ஒரு பொதுக்காரணி உண்டு என 1904இல் சார்லஸ் ஸ்பியர்மன் கூறினார். லூயிஸ் தர்ஸ்டன் 1938இல் ஏழு முதன்மைத் திறன்களைச் சுட்டினார். ஹோவர்ட் கார்டனர் 1983இல் மொழி, கணிதம், இசை, உடலியக்கம் முதலான பன்முக நுண்ணறிவுகளை முன்வைத்தார். கார்டனரின் கோட்பாடு ஆசிரியர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. எனினும், அதற்குப் போதிய ஆய்வுச் சான்றுகள் இல்லை என உளவியலாளர் பலர் கருதுகின்றனர்.

நம்பிக்கையின் பங்கு

கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நிகழ்த்திய ஆய்வுகள் 1998இல் வெளிவந்தன. புதிர்களை விடுவித்த மாணவர்களுள் சிலரின் அறிவும், வேறு சிலரின் முயற்சியும் பாராட்டப்பட்டன. பின்னர் அனைவருக்கும் கடினமான புதிர்கள் தரப்பட்டன. அவற்றில் தடுமாறிய பின், முதலில் தந்தவற்றை ஒத்த புதிர்கள் மீண்டும் தரப்பட்டன. அறிவுக்காகப் பாராட்டப்பட்டோர் முன்னைவிடக் குறைவாகவும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டோர் முன்னைவிடச் சிறப்பாகவும் செய்தனர். அறிவு மாறாதது என எண்ணும் மாணவருக்குத் தோல்வி ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. வளரக்கூடியது என எண்ணுபவருக்கு அது அடுத்த முயற்சிக்கான குறிப்பாகிறது.

ஆயினும், நம்பிக்கை மட்டும் கல்வியைத் தந்துவிடாது. பிற்கால ஆய்வுகள் பலவற்றில் இதன் விளைவு சிறிய அளவிலேயே காணப்பட்டது. ஊட்டமான உணவு, நல்லாசிரியர், தொடர்ந்த பயிற்சி ஆகியனவும் இன்றியமையாதன. பினே தம் சோதனையால் எழுப்ப விரும்பிய வினா, ‘இக்குழந்தைக்கு எவ்வாறு உதவலாம்?’ என்பதே. மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய வினாவும் அதுவே.