ரெண்டு நிமிஷ வெல்டிங்... மூணு யானை பலம்!

“ஒரு கால்தானே மாப்ள... ரெண்டு நிமிஷத்துல பத்த வச்சுட்டா வேலை முடிஞ்சுது!”

செமஸ்டர் லீவுக்கு சுருளிப்பட்டி வந்த எனக்கு ஊரில் கிடைத்த முதல் டயலாக் இதுதான். பஞ்சர் கடை கம்ப்ரசரின் நாலு கால்களில் ஒன்று முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. திராட்சைத் தோட்டத்துக்குப் போகிற டிராக்டர், அருவிக்கு வருகிற வேன், ஸ்கூல் பசங்க சைக்கிள் எல்லாத்துக்கும் காத்து இந்த டேங்கில் இருந்துதான். கடைக்காரர் எனக்கு மாமா முறை. தொழில் நின்னு போச்சே என்ற டென்ஷன் அவருக்கு. பட்டறையிலிருந்து வந்த வெல்டிங் அண்ணன் ராடை மாட்டிக்கொண்டு ரெடி!

“மாமா, டேங்க் மேல நேரா பத்த வைக்க வேணாம்” என்றேன்.

“ஏன்டா, காலைத்தானே ஒட்டுறோம்... டேங்க்ல ஓட்டையா போடுறோம்?”

நியாயமான கேள்வி. நம்ம கிளாஸிலும் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள்.

உள்ளே யானை இருக்கு!

கேஜில் முள் 8 காட்டினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 8 கிலோ அழுத்தம். டேங்க்கின் விட்டம் 45 சென்டிமீட்டர். அப்படியென்றால் பக்கத்து மூடியின் குறுக்குப் பரப்பு சுமார் 1,590 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்... 12,700 கிலோ! ஒரு கொம்பன் யானை நாலு டன் என்றால், மூணு யானை எடை அந்த மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 2023 மே மாசம் ஒத்தை அரிக்கொம்பன் கம்பம் தெருவுக்குள் வந்ததுக்கே ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. இங்கே மூணு யானைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டீ குடிக்கிறோம்!

அத்தனையையும் தாங்குவது சில மில்லிமீட்டர் தகடு. அதில் ராடு வைத்தால் வெல்டிங்கை ஒட்டிய இரும்பின் குணமே மாறும். சட்டென்று சூடாகி சட்டென்று ஆறுகிற இடம் கெட்டியாகி, முறியும் தன்மைக்கு வரும். ஓரத்தில் தகடு அரித்துப் பள்ளம் விழலாம். மேலே உட்கார்ந்திருக்கும் மோட்டார் தினமும் உதற உதற, அந்தப் பள்ளத்திலிருந்து விரிசல் கிளம்பும். அடியில் தண்ணீர் தேங்கி, உள்பக்கம் துருவும் தகட்டைத் தின்றிருக்கும். விஷயம் காலில் இல்லை, காலைத் தாங்குகிற தகட்டில் இருக்கிறது.

ஆறு மில்லிமீட்டர் வெல்டிங்

“கதை விடாதடா” என்கிறீர்களா? 1980 மார்ச் 27. வட கடலில் ‘அலெக்சாண்டர் கீலண்ட்’ என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் பலி. காரணத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், ஒரு கருவியைப் பொருத்துவதற்காகக் குழாயில் வைத்த சின்ன சப்போர்ட். அதன் 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில்தான் விரிசல் தொடங்கியிருந்தது!

அது பிரஷர் வெசல் இல்லை. ஆனால் 1984 ஜூலை 23-ல் அமெரிக்காவின் ரோமியோவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வெடித்தது பிரஷர் வெசலேதான். பத்து வருஷத்துக்கு முன் அதில் ஒரு வளையத் தகட்டை மாற்றி வெல்டிங் செய்திருந்தார்கள். அதன் பிறகு சூடாக்கிப் பதப்படுத்தவில்லை. கெட்டியாகிப்போன அந்த ஓரத்தில் விரிசல் வளர்ந்து, 17 பேர் உயிர் போனது.

கோட் என்ன சொல்லுது?

நம் நாட்டில் ஐ.எஸ். 2825, அமெரிக்காவில் ஏ.எஸ்.எம்.இ. கோட். இரண்டும் சொல்வதன் சாரம், டேங்க்கில் தொடுகிற எந்த வெல்டிங்கும் சாதாரண வெல்டிங் இல்லை என்பதுதான். எந்த ராடு, எவ்வளவு கரன்ட் என்று முதலிலேயே எழுதி, சோதித்துப் பார்த்த முறை வேண்டும். தேர்வு பெற்ற வெல்டர் வேண்டும். கால் வைப்பதாக இருந்தால், இடையில் மூலை உருட்டிய ஒரு பேட் தகடு வைத்து பாரத்தைப் பரப்புவது வழக்கம். முடித்ததும் தண்ணீர் நிரப்பி, டிசைன் அழுத்தத்தைப் போல 1.3 மடங்கு ஏற்றிப் பார்க்க வேண்டும். காத்து வைத்து டெஸ்ட் செய்வது தற்கொலை! தண்ணீர் சுருங்காது, அதனால் டேங்க் விட்டாலும் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும். சுருங்கிய காத்து அப்படி நிற்காது.

பதிவு பெற்ற பாய்லர் என்றால் இன்னும் கறார். அனுமதி வாங்காமல் அதன் அமைப்பில் கைவைக்கவே கூடாது.

எல்லாம் கேட்டுவிட்டு வெல்டிங் அண்ணன் சிரித்தார். “தம்பி, இத்தனை பண்ணுறதுக்கு டேங்க்கைத் தொடாமலே வேலையை முடிச்சுடலாமே!”

அதுதான் பெஸ்ட் ஐடியா! காத்தையும் தண்ணியையும் முழுசா இறக்கினோம். முறிந்த இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, தகட்டுக்குள் விரிசல் போகவில்லை என்று பார்த்துக்கொண்டோம். போயிருந்தால் டேங்க் நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான். அப்புறம் அண்ணன் ஆங்கிளில் ஒரு தொட்டில் அடித்தார். நடுவில் ரப்பர் ஷீட், மேலே இரண்டு பட்டை கிளாம்ப். டேங்க் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை. தண்ணீர் டெஸ்ட் முடிந்த பிறகே மறுபடி காத்து ஏறியது.

இரண்டு நிமிஷ வேலைக்கு இரண்டு நாள். மாமா லேசாக முறைத்தார். சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்த பசங்க வழக்கம்போல டேங்க்கை ஒட்டி வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்த மாமா, ரெண்டு டீ சொன்னார்.

ஸ்டூலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டோம்!