அறுவைச் சிகிச்சையும் நீரிழிவும்

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டு தோன்றியது. கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி அது. அவ்வளாகத்திலேயே அமைந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. இதயத்திலும் மூளையிலும் நுட்பமான அறுவைச் சிகிச்சைகள் அங்கு நடைபெறுகின்றன. இத்தகைய சிகிச்சைக்கு வருவோரில் நீரிழிவு உள்ளோர் எத்துணைப் பேர் இருக்கக்கூடும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு என்றது. கேரளத்தில் இது 25.5 சதவீதம், அதாவது, நால்வரில் ஒருவர்.

உண்ணாதபோதும் ஏறும் சர்க்கரை

அறுவைச் சிகிச்சைக்கு முன் உணவு நிறுத்தப்படுகிறது. உணவு இல்லையெனில் சர்க்கரையும் ஏறாது என்று எண்ணுவோர் பலர். இது சரியன்று. கல்லீரல் தானே சர்க்கரையை உண்டாக்குகிறது என்பதை பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார்.

உடலில் கத்தி படுவதை உடல் ஒரு பெருங்காயமாகவே கொள்கிறது. உடனே அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் கல்லீரல் தன் சேமிப்பைக் கரைத்துச் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. தசைப் புரதத்திலிருந்தும் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குகிறது. இன்சுலினின் ஆற்றலும் குன்றுகிறது. ஆபத்துக் காலத்தில் உயிரைக் காக்க இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. நலமான கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து இதனைப் பெரிதும் ஈடுசெய்யும். நீரிழிவு உள்ளவரின் கணையத்தால் அது இயலாது. அச்சம், உறக்கமின்மை, கடும் வலி ஆகியனவும் இதே ஹார்மோன்களைத் தூண்டவல்லவை. அறுவை பெரிதாக ஆக, சர்க்கரையின் ஏற்றமும் பெரும்பாலும் மிகுதியாகும்.

இருபுறமும் இடர்

சர்க்கரை மிகுந்தால் வெள்ளணுக்களின் போர்த்திறன் தளரும். காயத்தில் சீழ் பிடிக்கலாம். புண் ஆறத் தாமதமாகும். ஆயினும் அதனை மட்டுமீறிக் குறைப்பதும் தீங்கே. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,000-க்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2009-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், சர்க்கரையை மிகக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய பிரிவில்தான் இறப்பு கூடுதலாக இருந்தது. சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றும். மயக்க மருந்தில் இருப்பவர் இவற்றைச் சொல்ல இயலாது. அளந்து பார்த்தே அறிய வேண்டும். அறுவையை ஒட்டிய நேரத்தில் டெசிலிட்டருக்கு 100 முதல் 180 மில்லிகிராம் வரை ஏற்ற அளவெனப் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது.

நோயாளி அறிய வேண்டுவன

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். உண்ணவில்லை என்பதற்காக இன்சுலினைத் தாமாகவே நிறுத்தலாகாது. முதல் வகை நீரிழிவில் அடிப்படை இன்சுலினை அடியோடு விட்டால் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்து நேரும். சிறுநீர்வழியே சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையோ, மருத்துவரின் ஆலோசனைப்படி மூன்று நான்கு நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். மருந்துக்கு மருந்து விதி வேறு.

தமக்கு நீரிழிவு இருப்பதையே அறியாமல் அறுவைக்கு வருவோரும் உண்டு. அப்போது காணும் உயர் சர்க்கரை நீரிழிவா, காயத்தின் விளைவா என்று பிரித்தறிய, முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் ஏ1சி சோதனை உதவும். காயத்தின் விளைவே என்று தெரிந்தாலும், உடல் தேறியபின் மீண்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவு வரக்கூடும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கையாகும்.

விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் செய்யும் சோதனைக்குச் செலவு சிறிது. பெரிய நிலையங்களில் மட்டுமன்றி, வட்ட மருத்துவமனையின் சிறிய அறுவை அரங்கிலும் அது தவறாது நடைபெற வேண்டும். நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உள்ள மாநிலத்தில் இது அறுவைச் சிகிச்சையின் ஓர் அங்கமே ஆகும்.