குளிர்மலையில் கொதிக்கும் கணினி

நீலகிரியில் வாழும் நமக்கு வெப்பத்தைப் பற்றிய கவலை குறைவு. மின்விசிறி இல்லாத வீடுகளே இங்கு மிகுதி. ஆதலின் மடிக்கணினி சூடேறிக் கெட்டுப் போகும் என்று எவரேனும் கூறினால், அது கோவைக்கும் சென்னைக்கும் உரிய தொல்லை என எண்ணிவிடுகிறோம். ஆனால் கணினியைக் காப்பது வெளியே நிலவும் குளிர் மட்டுமன்று; அதனுள்ளே தடையின்றி ஓட வேண்டிய காற்றே முதன்மையான காவல். அந்தக் காற்றின் வழியைத்தான் குளிருக்கு அஞ்சும் நாம் நம்மையறியாமல் அடைத்துவிடுகிறோம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகள் வழியாக இக்கருவி எளிய இல்லங்களிலும் நுழைந்தது. 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அது இருந்த வீட்டிற்கும் இல்லாத வீட்டிற்கும் இருந்த வேறுபாட்டைப் பெற்றோர் பலர் கண்ணாரக் கண்டனர். கொழுந்து பறித்து ஈட்டும் கூலியில் மற்றொன்று வாங்குவது எளிதன்று. அதன் தாய்ப்பலகை எரிந்துபோனால், பழுது நீக்கும் செலவைக் கேட்டே மலைத்து நிற்க நேரிடும்.

உள்ளே நடப்பது என்ன? உதகையில் தைலம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. கொப்பரையில் யூகலிப்டஸ் இலை வேகும். ஆவி குழாய் வழியே சென்று, குளிர்ந்த நீரின் ஊடே போகும்போது மீண்டும் துளிகளாக மாறும். மடிக்கணினியிலும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. மூளை போன்ற செயலியின்மேல் மெல்லிய செம்புக் குழாய் ஒன்று படிந்திருக்கும். பெரும்பாலும் அதனுள்ளே சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். செயலியின் சூட்டில் அந்நீர் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும். அங்குள்ள தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டு நீராகித் திரும்பும். அத்தகடுகளின் வெப்பத்தை வெளியேற்றுவது சிறு விசிறியின் வேலை. தைலக் கொப்பரையில் குளிர்நீர் நின்றுபோனால் தைலம் இறங்காது. இங்குக் காற்று நின்றுபோனால் வெப்பம் இறங்காது.

மடிக்கணினிச் செயலிகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் எல்லையாகும். அதை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிடில் கணினி அணைந்துவிடும். "பழையதாகிவிட்டது, மெதுவாக ஓடுகிறது" என்று நாம் குறைகூறும் கணினிகளுள் சில, உண்மையில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவையே.

மலைக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேகத் தாமதமாவதை இல்லத்தரசியர் அறிவர். அதே மெல்லிய காற்றைத்தான் கணினியின் விசிறியும் வாரி இறைக்கிறது. கடற்கரைக் காற்றின் அடர்த்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கே இங்குள்ளது. ஒரே வேகத்தில் சுழன்றாலும் விசிறி அள்ளிச் செல்லும் வெப்பம் அந்த அளவிற்குக் குறையும். இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. நிறுவனங்கள் பலவும் ஏறத்தாழ 3,000 மீட்டர் வரை இயங்குமாறே கணினிகளை அமைக்கின்றன. நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். தவிர, காற்றின் குளிர்ச்சி அதன் மெலிவை ஈடுசெய்துவிடும், கணினி மேசைமீது இருக்கும் வரையில்.

ஆனால் நம் பிள்ளைகள் அதனை மேசைமீதா வைக்கிறார்கள்? மாலை ஆறு மணிக்கெல்லாம் கட்டிலேறிக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, அதன்மேல் கணினியைக் கிடத்துகிறார்கள். பெரும்பாலான கணினிகள் அடிப்புறத் துளைகளின் வழியே காற்றை இழுத்துப் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுபவை. மெத்தையும் கம்பளியும் அத்துளைகளை அடைத்துவிடும். மடிக்கணினி என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. மடியும் அதற்கு உகந்த இடமன்று. லயத்து வீட்டில் மேசைக்கு இடமில்லையெனில் ஒரு பலகை போதும். பின்புறத்தில் இரண்டு அழிப்பான்களை முட்டுக்கொடுத்து விரற்கடை உயர்த்தினால் இன்னும் நன்று. கணப்பின் அருகில் மட்டும் வேண்டா.

தூசியையும் மறக்கலாகாது. தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும்போது எழும் நுண்துகள், கம்பளியின் இழை, விறகடுப்பின் புகைக்கரி ஆகிய அனைத்தையும் விசிறி உள்ளிழுக்கும். மழை மாதங்களின் ஈரத்தில் இவை தகடுகளிடையே பிசுபிசுத்துப் படியும். ஆண்டிற்கொரு முறையேனும், கணினியை முற்றிலும் அணைத்து மின்கம்பியைக் கழற்றியபின், துளைகளை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். ஈரத்துணி கூடாது, வாயால் ஊதுவதும் எச்சில் ஈரத்தை உள்ளே தெளிக்கும். பல ஆண்டுகள் உழைத்த கணினியில் செயலிக்கும் செம்புக்கும் இடையேயுள்ள வெப்பப்பசை உலர்ந்திருக்கலாம். அதை மாற்றுவது அறிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

வெப்பத்தால் விரைவில் முதுமையடைவது பாட்டரியே. அதிலும் முழுமையாக மின்னேற்றிய நிலையில் சூடாகவே வைத்திருந்தால் அதன் ஆயுள் வெகுவாகக் குறையும். 80 விழுக்காட்டோடு மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி இப்போது பல கணினிகளில் உள்ளது, அதைப் பயன்படுத்துக. மார்கழி, தை மாதங்களில் உறைபனி இரவில் வண்டியிலேயே கிடந்த கணினிக்கு உடனே மின்னேற்றுவதும் தீது. உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் பாட்டரியின் உள்ளமைப்பு நிலையாகச் சிதையும். அடிப்பாகம் உப்பி, மூடி சரியாகப் பொருந்தாதிருந்தால், அன்றோடு அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். உப்பிய பாட்டரியை அழுத்துவதும் குத்துவதும் தீயை அழைப்பதாகும். இரவில் மின்னேற்றியவாறே போர்வைக்குள் விட்டு உறங்கும் பழக்கத்தைப் பெற்றோர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஒரே அறையில் குடும்பமே உறங்கும் வீடுகளில் இது கணினியின் ஆயுளைப் பற்றிய பேச்சன்று.

விடுதிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இரு சொற்கள். பையில் வைக்குமுன் கணினியை முழுமையாக அணைத்துவிடுங்கள். உறக்க நிலையில் விட்டால், பைக்குள்ளேயே விழித்து வெந்து கொண்டிருக்கக் கூடும். பனிக்காலையில் புறப்பட்டு மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா? அதே ஈரம் குளிர்ந்த கணினியின் உள்ளும் படியக்கூடும். அங்கு ஒரு மணி நேரம் அது பையிலேயே இருக்கட்டும். பிறகு திறந்தால் போதும்.