வட்டம் விழாத தட்டு

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியிலுள்ள புத்தலப்பட்டு போன்ற ஊர்களில் ஒருவனுக்கு ஜுரம் கண்டால், அவன் முதலில் நாடுவது மருந்துக் கடைக்காரரையோ உள்ளூர் ஆர்.எம்.பி. டாக்டரையோதான்; அவர் கொடுத்த மாத்திரையில் பாதியை விழுங்கி, ஜுரம் தணிந்ததும் மீதியை மாடத்தில் வைத்துவிட்டு, பின்னொரு காலத்தில் வியாதி முற்றி வேறு கதியில்லை என்றாகும்போதுதான் திருப்பதி ஸ்விம்ஸுக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ வண்டி ஏறுகிறான். அங்கே அவனிடமிருந்து எடுக்கும் ரத்தம் நுண்ணுயிரியல் பிரிவுக்குப் போகிறது. அங்கு அமர்ந்திருப்பவரை நோயாளி ஒருநாளும் பார்ப்பதில்லை. ஆயினும் எந்த ஔஷதம் பலிக்கும், எது வீண் என்னும் தீர்ப்பு அவரிடமிருந்தே வருகிறது.

அத்தீர்ப்புப் பிறக்கும் விதம் மிகவும் சாதாரணமானது. அகார் கூழ் ஊற்றி உறையவைத்த தட்டிலே நோயாளியின் பாக்டீரியாவைச் சீராகத் தடவி, வெவ்வேறு மருந்தில் தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் பதித்து, உடற்சூட்டுக்கு ஒத்த வெப்பத்தில் ஓரிரவு வைத்திருந்து எடுத்தால், பலிக்கும் மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் ஒன்று விழுந்திருக்கும்; அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்துக்கொள்வார்கள். பலிக்காத மருந்தாயின் வில்லையின் விளிம்புவரை கிருமி படர்ந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி பெற்ற பாக்டீரியாவைத் தேடித் திரியும் ஒருவருடைய ஆயுளில் பெரும் பகுதி இவ்வட்டங்களை அளப்பதிலும், சென்ற வருஷத்து ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதிலுமே கழிகிறது.

சென்னைத் தரமணியில், பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்த்திகேயன் குமாரசாமியின் பெயர் 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலகெங்கும் அடிபட்டதற்கு இத்தகைய வேலைதான் காரணம். அதற்கு முன்பே, டில்லி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரிடம் 2008இல் கிடைத்த க்ளெப்சியெல்லா கிருமியில், கடைசி அஸ்திரமாக டாக்டர்கள் பொத்திவைத்திருந்த கார்பபீனம் மருந்துகளையும் துத்தநாக அணுக்களின் துணைகொண்டு உடைத்தெறியும் ஒரு நொதியை ஆராய்ச்சியாளர் தீமத்தி வால்ஷ் முதலியோர் கண்டறிந்து, அதற்கு 'நியூ டெல்லி' என்பதை முதலிலிட்டு என்.டி.எம்.-1 என்று நாமகரணம் செய்திருந்தார்கள். குமாரசாமியை முதலாசிரியராகக் கொண்டு, வால்ஷும் வேறு பலரும் சேர்ந்து லான்செட் குடும்பத்துத் தொற்றுநோய்ச் சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை, அந்த நொதியுள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியாணாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என்று கணக்குச் சொல்லிற்று. அவற்றில் பெரும்பாலானவை டைகெசைக்ளின், கோலிஸ்டின் ஆகிய இரண்டுக்கே பணிந்தன. நொதிக்குரிய ஜீன் பிளாஸ்மிட் என்னும் தனி வளையத்தில் அமர்ந்திருந்தபடியால், ஒரு கிருமி அதை இன்னொரு ஜாதிக் கிருமிக்கும் தாரை வார்த்துக் கொடுக்க முடியும். எண்ணிக்கையைவிட இதுவே பயங்கரமான விஷயம்.

ஆனால் நம் நாட்டில் எழுந்த கூச்சல் ஜீனைப் பற்றியதன்று. தலைநகரின் பெயரை ஒரு கிருமிக்குச் சூட்டுவதா, வெளிநாட்டிலிருந்து சிகிச்சைக்கு வருவோரைத் தடுக்கும் சூழ்ச்சியல்லவா இது என்று பாராளுமன்றம்வரை பேச்சு நடந்தது. கட்டுரையிலுள்ள சில வியாக்கியானங்கள் தமக்குத் தெரியாமலே சேர்க்கப்பட்டவை என்று குமாரசாமி கூறியதாகவும் பத்திரிகைகள் எழுதின. பெயர் சூட்டியது பிழையென்று லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே 2011 ஜனவரியில் வருத்தம் தெரிவித்தார். பெயர் விஷயத்தில் நம்மவர் கொண்ட கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அக்கோபத்தில் காற்பங்கேனும் சாக்கடை மீது திரும்பியிருந்தால் நலமாக இருந்திருக்கும் என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் அதே ஆண்டு ஏப்ரலில் வால்ஷ் குழுவினர் டில்லியின் தேங்கிய நீரில் 171 மாதிரி எடுத்து 51இலும், குழாய் நீரில் 50 எடுத்து 2இலும் அந்த ஜீன் இருப்பதாக அறிவித்தார்கள்.

பின்னர்ச் சில நன்மைகளும் விளைந்தன. 2012இல் டாக்டர் அப்துல் கபூர் முன்னின்று சென்னையில் மருத்துவச் சங்கங்களைக் கூட்டி ஒரு பிரகடனம் செய்வித்தார். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் காக்க வேண்டும் என்ற எச்-1 சட்டவிதி அமலுக்கு வந்தது. மருந்துக் கடையின் வாசலில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தவர் எவரும் அந்தப் பதிவேட்டைப் பற்றி அதிகம் பேசமாட்டார்.

கோலிஸ்டின் கதை இதைவிட நம் சீமைக்கு நெருக்கமானது. மனிதனுக்குக் கடைசிப் புகலாக எஞ்சிய அம்மருந்தைக் கோழிகள் சீக்கிரம் பருக்கட்டும் என்று தீனியில் கலந்து வந்தார்கள். சித்தூர் ஜில்லாவோ கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போனது. 2015இல் சீனாவில், கோலிஸ்டினையும் முறியடிக்கும் எம்.சி.ஆர்.-1 என்ற ஜீன் பன்றிகளிடம் கண்டறியப்பட்டது. அந்த ஆராய்ச்சியிலும் வால்ஷுக்குப் பங்குண்டு. 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் மீன் பண்ணைகளுக்கும் கோலிஸ்டினைத் தடைசெய்தது. தடை எந்த அளவு பலித்தது என்பதைக் காகிதத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. பண்ணை பண்ணையாகச் சென்று எச்சத்தை எடுத்துவந்து, கிருமியைப் பிரித்து வளர்த்துச் சோதித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும். திருப்பதியில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பண்ணைகளுக்கும் அதற்கும் நடுவே தூரம் அதிகமில்லை.