கீகேட்: எந்த ஃபைலை எங்கே வைப்பது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் சர்க்யூட் போர்டின் மேல் பாகங்களைப் பொருத்துவது மெஷின்கள்தான். அவை உங்கள் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. கொடுத்த ஃபைலில் உள்ள எண்களைத்தான் படிக்கின்றன. வீட்டில் வடிவமைத்த பத்து போர்டுகளைச் செய்யக் கொடுத்தாலும் இதே கதைதான். பழைய ஃபைல் போனால் பழைய போர்டு வரும். பணம் திரும்ப வராது.

போர்டு வடிவமைக்க கீகேட் என்ற இலவச மென்பொருள் போதும். பிரான்சில் ழான்-பியேர் ஷாரா 1992-இல் தொடங்கியது இது. புதிய ப்ராஜெக்ட் தொடங்கும்போதே அதற்குத் தனி ஃபோல்டர் கொடுத்துவிடுங்கள். உள்ளே ப்ராஜெக்ட், ஸ்கீமேட்டிக், போர்டு என மூன்று முக்கிய ஃபைல்கள், ஒரே பெயரில் இருக்கும். விண்டோஸில் ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினால் தொடர்பு அறுந்துவிடும். பெயர் மாற்ற, கீகேடின் ஃபைல் மெனுவில் 'சேவ் ஆஸ்' உள்ளது. நீங்களே வரைந்த பாகங்களின் லைப்ரரியையும் இதே ஃபோல்டருக்குள் வையுங்கள். டி டிரைவில் எங்கோ இருந்தால் நண்பரின் கம்ப்யூட்டரில் கிடைக்காது.

போர்டு செய்பவருக்கு அனுப்புவது ஜெர்பர், டிரில் ஃபைல்களை. முன்னது செம்புக் கோடுகளுக்கு, பின்னது துளைகளுக்கு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: போர்டில் ஒரு கோட்டை நகர்த்தினால் ஜெர்பர் தானாக மாறாது. மறுபடி 'ப்ளாட்' செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதியிட்ட புதிய சப்ஃபோல்டரில் சேமியுங்கள். (ஃபைனல், ஃபைனல்2, புதுஃபைனல் என்று பெயரிட்டால் மறுவாரம் உங்களுக்கே புரியாது!) அனுப்புமுன் கீகேடிலேயே உள்ள ஜெர்பர் வியூவரில் திறந்து பாருங்கள். அதே தேதியை போர்டின் மேலும் எழுத்தாக வைத்துவிட்டால், போர்டு கைக்கு வந்ததும் எந்த ஃபோல்டரைத் திறப்பது என்று தெரியும்.