1,800 வருஷம் தாங்கிய பாப்பிரஸ்... நம்ம ஓலைச்சுவடி ஏன் தாங்கலை?

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு சின்னத் துண்டு இருக்கிறது. 8.9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம். கிட்டத்தட்ட ஏடிஎம் கார்டு சைஸ்தான். இரண்டு பக்கமும் கிரேக்க எழுத்து. 1920-ல் எகிப்தில் வாங்கிய இந்தத் துண்டு, பைபிளின் யோவான் நற்செய்தியில் 18-ம் அதிகாரம் என்று 1935-ல் சி.எச்.ராபர்ட்ஸ் அறிவித்தார். 'பி52' என்பது இதன் பெயர். கையெழுத்தை வைத்து கி.பி. 2-ம் நூற்றாண்டு என்கிறார்கள்; 3-ம் நூற்றாண்டாகவும் இருக்கலாம் என்பவர்களும் உண்டு.

பாப்பிரஸ்னா என்ன?

நைல் நதிக்கரையில் வளரும் ஒரு வகைக் கோரை. தண்டைக் கீற்றாக நறுக்கி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அழுத்திக் காயவைத்தால் தாள் ரெடி.

இத்தனை காலம் எப்படித் தாங்கியது?

காரணம், மழையே இல்லாத மணல். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் ஊர்க் குப்பைமேடுகளில் பாப்பிரஸ் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அதே நாட்டில், ஈரமான நைல் கழிமுகத்தில் கிடைத்தது மிகக் குறைவு.

நம்ம ஊரில்?

கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தில்தான் வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் வாழ்ந்தார். கெடிலக்கரையின் ஈரக்காற்றில் ஓலை அவ்வளவு காலம் நிற்காது. அவர் நூல்கள் பிழைத்தது, தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்ததால். சிதம்பரம் கோயிலில் தேவார ஏடுகளைக் கரையான் அரித்த கதை நமக்குத் தெரிந்ததுதான். மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்கிறது மரபு.

பிரதி எடுத்தால் பிழை வராதா?

வரும். ஒரு வரி விடுபடும், ஒரு சொல் மாறும். அதனால்தான் பல பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். பைபிள் அறிஞர்கள் கிரேக்கப் பிரதிகளில் செய்வதும், உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணிக்குச் செய்து 1887-ல் அச்சேற்றியதும் இதே வேலைதான். எத்தனை பிரதி கிடைக்கிறதோ, அவ்வளவு தெளிவு.

நாம என்ன செய்யலாம்?

பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அப்படிப் போன நூல்களுக்கு வேறு பிரதி இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? உங்க வீட்டுப் பரணில் ஒரு கட்டு இருந்தால், போகிக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, தஞ்சை சரசுவதி மகாலிலோ காட்டுங்கள். கிழிந்த ஓலைதானே என்று நினைக்க வேண்டாம். பி52-வும் கிழிந்த துண்டுதான்.