ஃபேன் நின்றதும் எழும் விசில்

கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்தில் ராத்திரி கரண்ட் போனால் தெருவே விழித்துக்கொள்ளும். புழுக்கம், கொசு, குழந்தைகளின் அழுகை. என் சித்தப்பா விழிப்பதற்குக் காரணம் வேறு. ஃபேன் நின்ற மறுநொடி அவர் காதுக்குள் ‘ஙீ…’ என்று ஒரு விசில் எழும்பும். சில்வண்டு கத்துவது போல என்பார் ஒருநாள்; குக்கரில் ஆவி கசிவது போல என்பார் மறுநாள். பிறகு தூக்கம் ஏது? திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். பெரிய மெஷின்களுக்கு நடுவே முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். “வேலைய நான் விட்டுட்டேன்டா, சத்தம் என்னைய விடல” என்று ஒரு ராத்திரி சொன்னார்.

இது காது இரைச்சல். டாக்டர்கள் டின்னிடஸ் என்பார்கள். பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது உண்டு, 2 சதவீதம் பேரைக் கடுமையாக வாட்டுகிறது என்று 2022-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. காத்துகருப்பு என்று மந்திரிக்கக் கிளம்ப வேண்டாம்.

வெளியில் இல்லாத சத்தம்

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிரிழை உயிரணுக்கள் அதில் வரிசை கட்டி நிற்கின்றன. ஒலி வந்தால் இவை அசைந்து நரம்புக்குச் சேதி சொல்லும். பேரிரைச்சலில் வருஷக்கணக்காக அடிபட்டால் செத்துப்போகும். செத்தவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சொலிகளைக் கேட்கும் உயிரணுக்கள். “காது கேக்குது, பேச்சுதான் புரியல” என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

சேதி குறைந்துபோனதும் மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவைத் திருகினால் ‘ஸ்ஸ்’ என்று இரைகிறதே, அது மாதிரி. காதில் அடைத்த அழுக்கு, ஜென்டாமைசின் போன்ற சில ஊசிகள், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஆகியவற்றாலும் இரைச்சல் வரலாம்.

நெய்வேலிப் பக்கத்துக் காதுகள்

நெய்வேலியில் 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1962-ல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. பக்கெட் வீல், கன்வேயர், டர்பைன் என்று மூன்று ஷிப்டும் இரைச்சலோடு பழகிய தலைமுறைகள் இங்கே உண்டு. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை. ஊருக்கு ஊர் ரைஸ் மில்.

எட்டு மணி நேர வேலைக்கு நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பு 90 டெசிபல். காது மருத்துவர்கள் 85-லேயே ஆபத்து தொடங்குகிறது என்பார்கள். நான் அவர்கள் பக்கம். கைநீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரைச்சலால் வரும் காதுகேளாமை சட்டத்தில் தொழில்நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. எனவே வருஷம் ஒருமுறை ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்து, அந்தச் சீட்டைச் சான்றாகப் பத்திரப்படுத்துங்கள். காதை அடைக்க இருந்த சித்தப்பாவின் இயர்ப்ளக் முக்கால்வாசி நாள் சட்டைப் பையில்தான் இருந்தது.

தூக்கத்தை மீட்பது

இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறோம். இரைச்சல் தாங்காமல் கதவு, ஜன்னலைச் சாத்தி, காதில் பஞ்சடைத்துப் படுக்கிறோம். அறை அமைதியாக ஆக விசில் பெரிதாகத் தெரியும். மெஷின் பக்கத்தில் காதை அடையுங்கள், வீட்டில் அடைக்காதீர்கள். படுக்கும் அறையில் மெல்லிய சத்தம் ஒன்று ஓடட்டும்: ஃபேன், செல்போனில் மழைச் சத்தம், எதுவானாலும் சரி. இரைச்சலை அமுக்கும் அளவுக்கு வைக்காமல், அதைவிடச் சற்றுத் தாழ்வாக வையுங்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டு மூளை மெல்லப் பழகும். பழகச் சில மாதங்கள் பிடிக்கும்.

‘இன்றைக்கும் தூங்க மாட்டேனோ’ என்ற பயம் நெஞ்சைப் படபடக்க வைக்கும். படபடப்பில் இரைச்சல் இன்னும் உறைக்கும். இருபது நிமிஷம் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள், கண் சொக்கிய பிறகு படுங்கள். மணி பார்க்காதீர்கள். எந்நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். நைட் ஷிப்ட் முடித்து வருபவர்கள் ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். தூக்கத்துக்காகக் குடிப்பது நடுராத்திரியில் எழுப்பிவிடும். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

காது இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. இருப்பதாக விற்பவரை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். கேட்கும் திறன் குறைந்தவருக்குக் காது மெஷின் போட்டாலே பலசமயம் இரைச்சல் தணிகிறது. இரைச்சலைப் பற்றிய பயத்தை மாற்றப் பழக்கும் சிபிடி என்ற மனநலப் பயிற்சி, தவிப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

தாமதிக்கக் கூடாதவை

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தப் தப்’ என்று கேட்பது, தலைசுற்றல் என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். முகம் கோணினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென ஒரு காது அடைத்துப்போனால் அன்றைக்கே போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். காய்ச்சிய எண்ணெய், கோழி இறகு, ஹேர்பின் எதுவும் காதுக்குள் போகக் கூடாது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் நமக்கு எட்டும் தூரத்தில்தான்.

சித்தப்பாவின் தலைமாட்டில் இப்போது ஒரு சார்ஜர் ஃபேன் இருக்கிறது. கரண்ட் போனால் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து ஓடவிடுகிறார். அவருக்கு வேண்டியது அதன் சத்தம். உங்கள் வீட்டிலும் ராத்திரியில் திண்ணைக்கு வந்து உட்காரும் பெரியவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து காதில் என்ன கேட்கிறது என்று கேளுங்கள். மனசு ரொம்பவும் ஒடிந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.